1815 ஆம் ஆண்டிற் கண்டி

ஒரு நாட்டின் சரித்திரத்திலே ஆண்டுகள் பல வந்து போகின்றன. அவற்றுட் சிலவே பெயர் பெற்று நிற்கின்றன. இலங்கைச் சரித்திரத்தில் 1815 ஆம் ஆண்டு அத்தகையது. நாம் மாணவராயிருந்த காலத்தில் அவ்வாண்டை மனனஞ் செய்தோம். 'கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான ஆண்டு யாது?' என்னும் வினாவுக்கு விடையெழுதிப் புள்ளியும் பெற்றோம். ஆனால் அவ்வாண்டில் நிகழ்ந்தவை யாவை, அவை ஏன் நிகழ்ந்தன, அவற்றால் நாம் அறியக்கிடப்பது யாது என்று ஆற அமர இருந்து ஆராய்ந்திலோம். கண்டிமாநகரிலே கல்வி பயின்ற நாம் தலதா மாளிகையின் முன்னுள்ள வீதியிலும் வாவிக்கரையிலும் நாள்தோறும் நடந்து திரிந்தவர்கள். அவ்விடங்களே அச்சரித்திரம் நிகழ்ந்த களங்கள். ஆதலால், நம் கல்லூரியின் விழா மலரிலே அவ்வோராண்டை எடுத்து ஆராய்தல் பொருத்தமுடைத்தெனக் கருதுகின்றோம்.

உலகில் அவ்வாண்டு

கண்டியை நோக்குமுன் உலகைச் சிறிது நோக்குவோம். ஆங்கில அரசு 1812 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்க நாடுகளுடன் போர் புரிந்துகொண்டிருந்தது. 1814 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் நாள் ஐரோப்பாவிலுள்ள கெண்ட் என்னும் நகரில் இரு பக்கத்துத் தூதரும் சமாதான உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அக்காலத்திலே செய்தி பாய்க்கப்பலிலேறிக் கடலைக் கடக்கவேண்டும். ஆதலாற் சமாதானம் எழுதப்பட்டுவிட்டதை அறியாத இரு படைகளும் 1815 ஜனவரி 8 ஆம் நாள் நியூ ஓலியன்ஸ் நகரருகே கடும்போர் புரிந்தன. ஆங்கிலச் சேனாதிபதி பாக்கனமும் அவனுடைய வீரர் பலரும் அங்கே மடிந்தனர். சமாதானம் எழுதப்பட்டபின் மாண்டவர்கள் அவர்கள். பின்னரே உடன்படிக்கை அமெரிக்காவை அடைந்தது. பெப்ரவரி 18 ஆம் நாள் சனாதிபதி மடிசன் அதனைப் பகிரங்கமாக அறிவித்தான்.

அதே பெப்ரவரி 18 ஆம் நாளிலேதான் கண்டியின் கடைசி மன்னன் மேதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டான். எட்டு நாள் கழிந்தபின் நெப்போலியன் எல்பாத் தீவினின்றுந் தப்பினான். ஏப்பிரிலிற் கீழ்த்திசைத் தீவுகளிலொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. யூன் 18 ஆம் நாள் வோட்டலூவில் நெப்போலியன் வீழ்ந்தான். இவ்வாறு ஓராண்டிலே உலகின் முகம் மாறிற்று. நாம் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: சில கிழமைகளே இடையிட்டு ஆங்கில அரசு இரு உடன்படிக்கைகளைச் செய்தது. ஒன்று கெண்டில், மற்றொன்று கண்டியில். இவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் பின்னர் நமக்குப் பயன்படும்.

மன்னனும் பிரதானிகளும்

கண்டி எளிதில் வெல்லப்பட்ட நாடன்று. பறங்கியர் 1594 இல் தந்துறையிலும் 1638 இற் கன்னொறுவையிலும் தோற்றனர். ஒல்லாந்தர் 1765 இல் நகருட் புகுந்தும் நிலைகொள்ள மாட்டாது திரும்பினர். ஆங்கிலேயரும் 1803 இல் நகரைப் பிடித்து, முத்துசாமி என்பவனைப் பெயரளவில் மன்னனாக்கினர். நோயும் உணவின்மையும் அவர் படையை நலித்தன. யூன் 24 ஆம் நாள் மேஜர் டேவி சரணடைந்தான்; மகாவலி கங்கைக் கரையில், வட்டப்புளுவையில், அவன் படையினர் கொல்லப்பட்டனர். மலையுங் காடுங் காய்ச்சலும் கண்டியின் மதில்களாயிருந்தன. அவற்றினும் வலிய மதில் ஒன்றிருந்தது. அது மன்னனும் பிரதானிகளும் குடிகளும் பகைவனை எதிர்க்கும்போது ஒன்றுபட்டு நின்ற நிலையாம்.

அம்மதில் இடிந்த வரலாறே 1815 ஆம் ஆண்டின் வரலாறு. வீரநரேந்திரசிங்கனுக்குப் பட்டத்துக்குரிய மைந்தன் இல்லாமையால், மதுரை நாயக்கர் குலத்தவளாகிய அவன் தேவியின் உடன்பிறந்தான் 1739 இல் அரசுகட்டிலேறினான். அன்று தொட்டு நால்வர் அவ்வழியில் ஆண்டனர். அவர்கள் சைவச் சூழலிற் பிறந்தவர்கள். ஆயினும் தாம் ஆண்ட நாட்டின் சமயமாகிய பௌத்தத்தைப் பேணினர். நலிந்து கிடந்த சங்கத்தைப் புதுப்பிப்பதற்காகச் சீயம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753 இல் உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியவன் இவருள் இரண்டாமவனாகிய கீர்த்தி சிறீ இராசசிங்கன். நாத தெய்வம், விட்டுணு, கதிர்காமக் கந்தன், பத்தினி தெய்வமாகிய கண்ணகி ஆகியோருக்குரிய தேவாலயங்கள் அரண்மனையைச் சூழ நிற்பதையும், தலதாப் பெரகராவில் அத்தேவாலயங்களின் பவனியும் கலந்து வருவதையும் நாம் இன்றுங் காண்கின்றோம். இரு மரபுகள் ஒரு நகரிலே கைகோத்து வாழ்ந்தமைக்கு இவை சான்றாம்.

நால்வருட் கடையவன் சிறீ விக்கிரம இராசசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1798 இல், இளம்பருவத்தினனாகிய அவனை அரசனாக்கியவன் மகா அதிகாரமாகிய பிலிமத்தலாவை. தன் சொற்படி ஆடும் பாவையொன்றை அரியணையில் வைத்ததாக அவன் எண்ணினான் போலும். ஆனால் மன்னன் வளர்ந்தான், பகையும் வளர்ந்தது. மன்னனுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்த பிலிமத்தலாவை ஈற்றிற் கொலைத்தண்டம் பெற்றான். அவன் பதவிக்கு வந்த எகலப்பொலையும் நாளடைவில் மன்னனோடு மாறுபட்டான்.

மன்னனை நாம் குற்றமற்றவனாகக் காட்ட முயல்கின்றோமல்லோம். நாம் கண்டு மகிழும் வாவியும் எண்கோண மண்டபமும் அவன் காலத்தவை. அவ்வாவியை ஆக்கக் குடிகள் கட்டாய ஊழியஞ் செய்து வருந்தினர். 1814 இல் எகலப்பொலை சப்பிரகமுவையிற் கிளர்ந்தெழுந்து ஆங்கிலேயரிடம் ஓடியபோது, மன்னன் அவன் மனைவி மக்களைக் கண்டியிலே கொல்வித்தான். சிறுவர் வெட்டுண்டனர், தாய் நீரில் அமிழ்த்தப்பட்டாள். நகரமே நடுங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட வணிகர் பதின்மர் ஒற்றரெனப் பிடிக்கப்பட்டு உறுப்பறுக்கப்பட்டனர். அவருள் உயிர் தப்பினோர் மூவரே. இக்கொடுமைகள் கட்டுக்கதைகளல்ல. கொடுங்கோன்மை இருந்தது; அதனை நீக்கவேண்டிய தேவையும் இருந்தது. நாம் ஆராய்வது அதனை நீக்கிய வழியையேயாம்.

நாற்பது நாட் போர்

தேசாதிபதி சேர் றொபேட் பிரௌன்றிக் காலம் பார்த்திருந்தான். அவனுக்கு வலக்கையாயிருந்தவன் ஜோன் டொயிலி. டொயிலி சிங்கள மொழியை நன்கு கற்றவன். பல ஆண்டுகளாகக் கண்டிப் பிரதானிகளுடன் மறைவாக ஓலைத்தொடர்பு வைத்திருந்தவன். 1803 இல் துப்பாக்கி செய்யமாட்டாததை 1815 இல் ஓலை செய்தது. ஜனவரி 10 ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டது. எட்டுப் படைப்பிரிவுகள் கொழும்பு, காலி, திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய பல திசைகளினின்றும் மலைநாட்டை நோக்கி நடந்தன. எதிர்த்து நிற்பார் அரியராயினர். மன்னனின் படைத்தலைவனாயிருந்த மொல்லிகொடையும் ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தான். பெப்ரவரி 14 ஆம் நாள் நகர் ஆங்கிலேயர் கைப்பட்டது. நகரிலே போரில்லை, மன்னனும் இல்லை.

நான்கு நாட் கழித்து, மேதமகாநுவரையை அடுத்த ஒரு சிறு வீட்டில் தேவியரோடு ஒளித்திருந்த மன்னனை எகலப்பொலையின் ஆட்கள் பிடித்துக் கட்டி அவமதித்தனர். அவனைப் பிடித்தவர் அந்நியரல்லர், அவன் குடிகளே. மார்ச்சு மாதத்தில் அவன் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்டான். 1816 ஜனவரியிற் 'கோண்வாலிஸ்' என்னுங் கப்பலில் ஏற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூருக்கு அனுப்பப்பட்டான். அங்கே காவலிலிருந்து 1832 ஜனவரி 30 ஆம் நாள் காலமானான். வேலூரிற் பாலாற்றின் அருகேயுள்ள முத்து மண்டபம் இன்றும் அவனை நினைவூட்டி நிற்கின்றது.

மகுல் மண்டபத்தில் எழுதிய பத்திரம்

மார்ச்சு 2 ஆம் நாள், சித்திரவேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கும் மகுல் மண்டபத்திலே, பிரௌன்றிக்கும் பிரதானிகளும் கூடினர். பன்னிரண்டு வாசகங்கள் கொண்ட உடன்படிக்கை ஆங்கிலத்திலுஞ் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. அதன் உள்ளீட்டை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலாம் வாசகம் மன்னனின் கொடுமைகளைக் கூறும். இரண்டாம் வாசகம் அவனும் அவன் வழியினரும் அரசுரிமை இழந்தனர் என்னும். நான்காம் வாசகம் ஆட்சியுரிமையை ஆங்கில முடிக்கு அளிக்கும். அதிகாரிகள், திசாவைகள், கோறளைகள், விதானைகள் முதலியோரின் உரிமைகள் காக்கப்படும் என்றும் உறுதி கூறும். ஐந்தாம் வாசகம் பௌத்த சமயமும் அதன் குருமாரும் தலங்களும் பேணப்படும் என்னும். ஆறாம் வாசகம் சித்திரவதையையும் உறுப்பறுத்தலையும் ஒழிக்கும். ஏழாம் வாசகம் தேசாதிபதியின் எழுத்தாணையின்றி எவருக்கும் மரணதண்டனை இல்லை என்னும். இவற்றுட் சில உண்மையிலே நல்லன, மறுப்பாரில்லை.

இடையே மூன்றாம் வாசகம் ஒன்றுண்டு. மன்னனின் உறவினராகிய ஆடவர் பகைவரெனவும், நாட்டினின்றும் வெளியேற்றப்பட்ட 'மலபார்' இனத்து ஆடவர் அனுமதியின்றித் திரும்பிவரலாகாதெனவும் அது விதிக்கின்றது. தமிழரையும் ஏனைத் தென்னிந்தியரையும் அக்கால ஆங்கிலேயர் 'மலபார்' என்ற பெயராற் குறித்தனர். மன்னனின் குற்றம் கொடுமை. அதற்குத் தண்டனை பெற்றதோ அவன் பிறப்பு. ஒருவன் செய்த தீமை ஓரினத்தின் தீமையாக எழுதப்பட்டது. எழுபத்தாறு ஆண்டு அரசாண்ட வழி ஒரு சொல்லால் அந்நியமாயிற்று.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. அப்பத்திரத்தில் ஒப்பமிட்ட பிரதானிகளுட் சிலரின் கையொப்பங்கள் தமிழ் எழுத்துக்களில் உள்ளன. நாயக்கர் அவையிலே தமிழும் வழங்கிற்று. பிரதானிகளும் அதனைப் பயின்றிருந்தனர். 'மலபார்' இனத்தாரை விலக்கும் பத்திரத்திலே தமிழெழுத்தாற் கையெழுத்திட்ட அந்தக் கைகள், தாம் வெட்டுவது எதனை என்று அறிந்தனவோ? பிறன் என்று விலக்கப்பட்டது அவர் கைவிரலிலேயே குடியிருந்தது.

மூன்றாண்டிற் கண்ட முடிவு

பிரதானிகள் கருதியது யாது? ஓர் அரசனைப் போக்கி வேறோர் அரசனைப் பெறுவதாகவே அவர்கள் கருதினர். தன்னையே மன்னனாக்குவர் என எகலப்பொலை நம்பியிருந்தான் என்பர். ஆனால் முடி கண்டியில் இருக்கவில்லை, கடல்கடந்து போயிற்று. சிங்காசனமும் முடியும் இங்கிலாந்துக்குச் சென்றன. 1934 இலேதான் அவை மீண்டன. கொழும்பு நூதனசாலையில் அவற்றைக் காணலாம். காட்சிப்பொருளாக மீண்டனவேயன்றி ஆட்சிப்பொருளாக மீளவில்லை.

1817 இல் ஊவாவிற் கிளர்ச்சி மூண்டது. மக்கள் தலைவனாக முன்வந்தவன் வில்பாவை என்பவன். அவன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டான்? நாயக்க மன்னனின் உறவினனாகிய துரைசாமி என்றே சொல்லிக்கொண்டான்! இரண்டாண்டின் முன் அந்நியர் என்று துரத்திய குலத்தின் பெயரையே மக்களைத் திரட்டும் பெயராகத் தேடவேண்டியதாயிற்று. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலையும் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தான். ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின. 1818 நவம்பரிற் கெப்பெட்டிப்பொலை கண்டியிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டான். அதே மாதம் 21 ஆம் நாட் பிரகடனம் பிரதானிகளின் உரிமைகளைப் பெரிதுங் குறைத்தது. நான்காம் வாசகத்தின் உறுதி மூன்றாண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. எகலப்பொலை கிளர்ச்சியிற் சேராதவன். எனினும் ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டு, மொறீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கேயே மாண்டான். மன்னன் வேலூரில், மன்னனை வீழ்த்தியவன் மொறீசியசில். இருவருக்குங் கண்டி மண் கிடைக்கவில்லை.

மூன்றாம் வாசகத்தின் கதி யாது? 1820 களிற் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்களும் பெண்களும் வரவழைக்கப்பட்டனர். தமிழர் திரும்பி வரலாகாதென எழுதிய அதே அரசு, தன் ஊதியத்திற்காக அவரைத் தானே அழைத்தது. காட்டுவழி நடந்து வந்த அம்மக்களின் உழைப்பாலே கோப்பியும் பின்னர்த் தேயிலையும் இந்நாட்டின் செல்வமாயின. ஆயினும் 'அந்நியர்' என்னுஞ் சொல் அவரைத் தொடர்ந்து வந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருட் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 இற் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஒரு பெரும் பகுதியினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் குறை தீரச் சட்டம் 2003 இலேதான் வந்தது. நம் பழைய மாணவருட் பலருடைய குடும்ப வரலாறும் இதுவேயாம். ஆதலால் மூன்றாம் வாசகம் நமக்கு வெறும் பாடமன்று.

இரு பத்திரங்கள்

இனி முன்னர்க் கூறிய ஒப்புமைக்கு வருவோம். கெண்டில் எழுதிய உடன்படிக்கை நிலைத்தது. அதன்பின் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒருவரோடொருவர் போர் புரிந்ததில்லை. கண்டியில் எழுதியது மூன்றாண்டிற் சிதைந்தது. ஆங்கிலேயர் அங்கே நேர்மையாளராகவும் இங்கே வஞ்சகராகவும் இருந்தனரோ? அவ்வளவில் விடை முடியாது. கெண்ட் உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, அமெரிக்காவின் ஆதிக்குடிகளுக்கு 1811 இல் இருந்த நிலங்களையும் உரிமைகளையும் மீள அளிப்பதாகக் கூறிற்று. அப்பிரிவு காக்கப்படவில்லை. ஒரே பத்திரத்திலே வலியோர்க்குக் கூறியது நின்றது. மெலியோர்க்குக் கூறியது நில்லாதொழிந்தது. பத்திரத்தின் உயிர் மையிலன்று. அதனை மீறினாற் கேட்பதற்கு ஆளுண்டு என்ற அச்சத்தில் உள்ளது.

கண்டிப் பிரதானிகள் இழந்தது அதனையே. தம்முள் எழுந்த வழக்கைத் தாமே தீர்க்கமாட்டாது, ஒரு பக்கத்தானை 'அந்நியன்' என்று பெயரிட்டு, உண்மையான அந்நியனை நடுவனாக அழைத்தனர். மன்னனோடு, தம்மை ஒன்றுபடுத்திய முடியையும் போக்கினர். பின்னர் அவர் கையில் எஞ்சியது காகிதம் ஒன்றே.

அவ்வாண்டிற் புறப்பட்ட கப்பல்

இவ்வாண்டின் கதையை வேறொரு நிகழ்ச்சியோடு முடிக்க விரும்புகின்றோம். அமெரிக்காவிற் சமாதானம் வந்தமையாற் கடல்வழி திறந்தது. 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'திறையட்' என்னும் பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வந்த பூவர், மெய்க்ஸ், றிச்சட்ஸ், வாரன் முதலிய பாதிரிமார் 1816 இற் கொழும்பையும் பின்னர் யாழ்ப்பாணத்தையும் அடைந்தனர். அவர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாடசாலைகள் அமைத்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. கல்வி பெருகிற்று, அதனோடு சைவமக்களின் சமயத்திற்கு நெருக்கடியும் வந்தது.

அந்நெருக்கடிக்கு நம் முன்னோர் கூறிய மறுமொழி யாது? எவரையும் நாட்டினின்றும் விலக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. தம் வழக்கைத் தீர்க்க மூன்றாமவனை அழைக்கவுமில்லை. வந்தவரிடம் கற்கத்தக்கதைக் கற்றனர். அச்சுக்கூடமும் பாடசாலையும் தாமே அமைத்தனர். 1848 இல் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அன்று ஏற்றிய விளக்கினின்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்பட்ட விளக்குகளே இந்நாட்டிலுள்ள இந்துக் கல்லூரிகள். மலைநாட்டிலே நம்மை வளர்த்த கல்லூரியும் அவ்வொளியின் வழி வந்ததே.

ஓராண்டிலே இரு விதைகள் விழுந்தன. ஒன்று மகுல் மண்டபத்தில் எழுதிய மூன்றாம் வாசகம். அது பிறனென்று விலக்கும் விதை. மற்றொன்று அக்கப்பல் கொணர்ந்த அறைகூவல். அது நம்மவர் தம் வலியைத் தாமே ஆக்கிக்கொள்ளத் தூண்டிய விதை. முன்னையதன் கனியை நாடு நெடுங்காலம் உண்டு கசந்தது. பின்னையதன் நிழலிலே நாம் இருந்து கற்றோம்.

இனி மாணவர் வாவிக்கரையிலே நடக்குங்கால், எண்கோண மண்டபத்தை ஒருமுறை நிமிர்ந்து நோக்குவாராக. அதனைக் கட்டுவித்தவன் வேலூரிலே மாண்டான் என்பதையும், அவனை விலக்கியோருட் சிலர் தமிழிலே கையெழுத்திட்டனர் என்பதையும் நினைப்பாராக. அயலவனை அந்நியன் என்று சொல்ல நா எழும்போதெல்லாம் 1815 ஆம் ஆண்டு நினைவுக்கு வருமாயின், நாம் மனனஞ் செய்த அவ்வாண்டு வீண்போகாது. நம் கல்லூரி அத்தகைய நினைவுடைய மக்களை என்றென்றும் ஆக்கித் தருவதாக.